குடும்பப் பொறுப்பு என்று நான் எழுதிய வரி

ஒரு பெண்ணின் பதவி உயர்வை நான் மூன்று முறை தடுத்தேன். வேலை தெரியாதவர் என்பதற்காக இல்லை. என்னிடம் வேலை பார்த்தவர்களில் அவரளவுக்கு வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதற்காக. அவரை மேலே அனுப்பினால் என் பிரிவு ஆட்டம் கண்டுவிடும் என்று பயந்தேன். அதை அப்படியே எழுத முடியாது. அதனால் ஒரு பொய்யை எழுதினேன்.

எழுதியதை மறந்தும் போனேன். சில மாதங்களுக்கு முன், எழுபத்து நான்கு வயதில், நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து அதே பொய்யை மறுபடியும் சொன்னேன். எவ்வளவு சுலபமாக அது என் வாயில் வருகிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இதை இந்தத் தொடரில் எழுதலாமா என்று தனலட்சுமியிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எதுக்கு சார் மாத்தணும்? தப்பு பண்ணது நானா?"

அதனால் பெயர் அப்படியே இருக்கிறது.

பத்து நிமிடப் பேச்சு

என் மருமகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அங்கே மகளிர் தின விழா. பேச வருவதாக இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை.

"மாமா, பொம்பளைங்க ஏன் நல்ல லீடரா இருக்காங்கன்னு பத்து நிமிஷம் பேசுங்க. உங்க ஃபேக்டரி கதை ஒண்ணு சொன்னாப் போதும். அட்வைஸ் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்."

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். அந்த ஏ.சி. எனக்கு ஆகாது. ஊதா நிறப் பலூன்கள், தட்டில் சின்னச் சின்ன கேக்குகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்கள். என் பேத்தி வயதில் பாதிப் பேர். பெரும்பாலும் சேலம், வேலூர், திருச்சிப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள்.

தனலட்சுமியைப் பற்றிப் பேசினேன். வேறு யாரைப் பற்றிப் பேசுவது? நன்றாகவே பேசினேன் போலிருக்கிறது, கை தட்டினார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"அங்கிள், அவங்க அப்புறம் எந்த போஸ்ட் வரைக்கும் போனாங்க?"

"லைன் லீடராவே இருந்தாங்கம்மா."

"கடைசி வரைக்குமா? ஏன்?"

"குடும்பப் பொறுப்பு இருந்தது. அதுக்கு மேல எடுத்துக்க அவங்களால முடியல."

அந்தப் பெண் மெதுவாகத் தலையாட்டினாள். அவள் பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி இந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அன்று நான் இதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

ஒரு பூந்தொட்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். வீடு வரும்வரை மடியில் வைத்திருந்தேன். மண் கசிந்து வேட்டியெல்லாம் கறை.

எத்தனை மணிக்கு?

பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலையில் செய்தது இருசக்கர வண்டிகளுக்கான வயர்க் கட்டு. ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் போகும் வயர்களைச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்ட வேண்டும். நீளமான பலகைகள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஆளுக்கு நான்கு வயர் வைப்பார்கள். ஒரு லைனில் இருபது பேர், எல்லோரும் பெண்கள். அவர்களுக்கு மேலே லைன் லீடர், அதுவும் பெண். அதற்கு மேலே ஷிப்ட் சூப்பர்வைசர் தொடங்கி எல்லோரும் ஆண்கள். நான் உற்பத்தி மேலாளர்.

டேப் பசை வாடையும் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் வாடையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது புது டேப்பைப் பிரித்தால் எனக்கு அந்த ஹால் நினைவுக்கு வருகிறது.

தப்பு நடக்கும். சிவப்பு வயர் போக வேண்டிய துளையில் கறுப்புக் கோடு போட்ட சிவப்பு வயர் போய்விடும். மற்ற லைன்களில் உடனே, "யாரு பண்ணது?" என்று சத்தம் கேட்கும். இருபது பேரும் தரையைப் பார்ப்பார்கள். ஒருமுறை கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து ஒன்பது வயர்க் கட்டுகளை எடுத்தோம். பயந்துபோய் யாரோ ஒளித்தவை.

தனலட்சுமி "யாரு" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பார்.

"டீக்கு அப்புறம்கா. ரெண்டரை இருக்கும்."

அவ்வளவுதான். இரண்டரைக்குப் பிறகு கட்டிய பெட்டிகளை மட்டும் பிரிப்பார்கள். மற்ற லைன்களில் ஒரு நாள் வேலை முழுவதையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"யாருன்னே கேக்காம எப்படிம்மா திருத்துவே?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போதெல்லாம் நான் அவரை ஒருமையில்தான் பேசுவேன்.

"யாருன்னு கேட்டா ஒருத்தி அழுவா சார். அழறவள வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ரெண்டரைக்கு எல்லாருக்கும் கண்ணு சொருகுது. அந்த நேரத்துக்கு எடத்த மாத்தி நிக்க வெச்சேன். இப்ப நின்னு போச்சு, பாருங்க."

நான் பொறியியல் படித்தவன். பிறகு நிர்வாகமும் படித்தேன். இரண்டு படிப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

லாரியை நிறுத்திய நாள்

ஒரு மாதக் கடைசி. சரக்கு ஏற்றி முடித்து லாரி கேட்டுக்குப் போய்விட்டது. அன்றே அனுப்பிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் தனலட்சுமி லாரிக்கு முன்னால் நிற்கிறார்.

ஓடினேன்.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

"இறக்கணும் சார். காலைல வந்த கனெக்டர் வேற அளவு. நான்தான் பாத்து ஓகேன்னு கையெழுத்து போட்டேன். என் தப்பு."

டிரைவர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். தனலட்சுமி அதைவிடச் சத்தமாகக் கன்னடத்தில் பதில் சொன்னார். அதற்குள் அவருடைய லைன் பெண்கள் இருபது பேரும், யாரும் கூப்பிடாமலே, வந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. ஒருத்திகூடப் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். "என் தப்பு" என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த இரண்டு வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு மேலே இருந்தவர்கள் சொல்லியும் கேட்டதில்லை.

என் அப்பா மைசூர் அரசாங்க காலத்திலிருந்து உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் சாப்பிடும்போதும் கோப்பைப் பற்றித்தான் பேசுவார். கோப்பில் ஏறியது சரி, ஏறாதது நடக்கவே இல்லை, அதுதான் அவர் வழக்கம். அவர் தப்பே செய்திருக்க மாட்டார் என்று சின்ன வயதில் நம்பினேன். அவர் செய்த தப்பு எதுவும் கோப்பில் ஏறியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அவரிடமிருந்து எனக்கு நல்ல கையெழுத்து வந்தது. அதோடு சேர்ந்து வேறு சிலதும் வந்தன.

ஒரே வரி

ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. தனலட்சுமி விண்ணப்பித்தார். மேலாளராக நான் என் கருத்தை எழுத வேண்டும்.

அன்று மத்தியானம் அந்தப் படிவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அவர் போய்விட்டால் அந்த லைன் என்ன ஆகும்? வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருபவர்களுக்கு நான் காட்டுவதே அந்த லைனைத்தான். அதைக் காட்டித்தான் எனக்கு நல்ல பெயர். எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்: "திறமையானவர், ஆனால் குடும்பப் பொறுப்புகள் காரணமாக இவரால் கூடுதல் பொறுப்பை ஏற்க இயலாது."

அவருடைய குடும்பத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கணவர் பெயர்கூடத் தெரியாது. வீட்டில் எத்தனை பேர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் முறையும் அதே வரி. மூன்றாம் முறை யோசிக்கவே இல்லை. அதற்குள் அந்த வரி எனக்குப் பழகிவிட்டது. பெண்களின் வருடாந்திர அறிக்கையில் "மேல் பொறுப்புக்குத் தகுதி" என்ற கட்டம் வந்தால் இதையே போட்டுவிடு என்று டைப்பிஸ்டிடம் சொல்லிவைத்தேன். கட்டாக வரும், கையெழுத்துப் போடுவேன்.

விண்ணப்பித்தவருக்குக் காரணம் சொல்லும் வழக்கம் எங்கள் கம்பெனியில் கிடையாது. "தேர்வாகவில்லை" என்று பெயர் மட்டும் அறிவிப்புப் பலகையில் வரும்.

சந்தாபுராவில்

மகளிர் தினப் பேச்சுக்குப் பிறகு மூன்று வாரம் சும்மாவே இருந்தேன். வயதாகிவிட்டால் தூக்கம் வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

பழைய சகா ஒருவரிடம் விசாரித்ததில் தனலட்சுமி இன்னும் அதே தொழிற்சாலையில், அதே லைனில் இருப்பது தெரிந்தது. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயநகரிலிருந்து கடைசி நிறுத்தம் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து சந்தாபுரா போனேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய கணவர் முருகேசன். தட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கையோடு வந்தார். தனலட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அய்யோ, சார்!" என்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. "உக்காருங்க. காபியா, ராகி மால்ட்டா? ஷுகர் இருக்கா உங்களுக்கு?"

"அப்புறம் குடிக்கிறேன். முதல்ல ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எழுதிய வரி, எழுதிய காரணம், மூன்று முறை.

அடுப்பில் குக்கர் கூவியது. தனலட்சுமி எழுந்து போய் அணைத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்.

முருகேசன்தான் பேசினார்.

"சார், அந்தக் குடும்பம் நான்தான். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வர பஸ் இருக்காதுன்னு, அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் குடுத்தேன் சார். அத்திபெலே ரோட்டுல ரெண்டு தடவ விழுந்தா. முட்டியில தழும்பு இன்னும் இருக்கு. பசங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு நான் பண்றதுன்னு பேசி வெச்சோம். எல்லாம் அந்த சூப்பர்வைசர் வேலைக்காகத்தான்."

அந்த ஸ்கூட்டரை நான் பார்த்திருக்கிறேன். ஆலை வாசலில் தனலட்சுமி அதை நிறுத்தும்போது, "அடேங்கப்பா, வண்டியெல்லாம் வாங்கிட்டே!" என்று ஒருமுறை கேலிகூடச் செய்தேன்.

தனலட்சுமி சமையலறை வாசலுக்கு வந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வராததுதான் காரணம்னு நெனைச்சிட்டிருந்தேன் சார். ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போனேன். சின்னப் பசங்களோட உக்காந்து படிச்சேன். மூணாவது தடவையும் வரல. அப்ப என் மூளைதான் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"தப்புதான், தனலட்சுமி. மன்னிச்சிடுங்க."

"இருங்க சார். அது அப்புறம்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "என் கதைய விடுங்க. நாகவேணின்னு ஒருத்தி, எங்க லைன்லயே பெஸ்ட்டு. ரெண்டு வாட்டி அப்ளை பண்றேன்னு வந்தா. நமக்கெல்லாம் அது ஆவாதுடி, எனக்கே ஆவலன்னு சொல்லி நான்தான் தடுத்தேன். நல்லதுக்குச் சொல்றேன்னு நெனைச்சேன். இப்ப மறுபடி நோட்டீஸ் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழம கடைசி."

போனை எடுத்தார்.

"நாகா, வீட்டுக்கு வா. இப்பவே. துணி அப்புறம் தொவைக்கலாம்."

நாகவேணி

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஐந்து நிமிடத்தில், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ்.

"ஏனாயித்து அக்கா? யாருக்கு என்ன?" என்றவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "ஏ, நம்ம பழைய சார்! நமஸ்காரா சார்."

"உக்காரு. சார் ஒண்ணு சொல்லுவாரு" என்றார் தனலட்சுமி. என்னிடம், "சொல்லுங்க சார். எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. நாகவேணி ஒரு தடவை தனலட்சுமியைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"சார், நானும் உங்க கையில ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன். என்னோடதுல என்ன எழுதினீங்க?"

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த வயதில் எல்லோரும் நம்புவார்கள்.

"அதே வரிதான்மா. எல்லாப் பெண்களுக்கும் அதே வரி."

"குடும்பப் பொறுப்புன்னா?"

"ஆமாம்."

"சார், எனக்கு அப்ப மதுவே, கல்யாணமே ஆகல. கோலார்லேர்ந்து வந்து ஹாஸ்டல்ல இருந்தேன்."

முருகேசன்தான் முதலில் சிரித்தார். பிறகு நாகவேணி. "யாரு சார் அந்த கண்டா? எனக்கே தெரியாம எனக்கு ஒரு புருஷன் குடுத்திருக்கீங்களே!" என்று கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். தனலட்சுமியும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையைக் குனிந்து அந்தச் சிரிப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிரித்து முடித்ததும் நாகவேணி முகம் மாறியது. தனலட்சுமி பக்கம் திரும்பினார்.

"நீயாவது என்னை அப்ளிகேஷன் போட விட்டிருக்கலாம் அக்கா."

"ஆமா. என் தப்பு" என்றார் தனலட்சுமி. சட்டென்று, ஒரு மூச்சில். "ரெண்டு பேரும் போடுவோம் இப்ப. வேணாம்னு சொல்றதுன்னா காரணத்த எழுதிக் குடுன்னு கேப்போம். சும்மா போர்டுல பேரு மட்டும் போட்டா ஒத்துக்க மாட்டோம்."

அன்று காபி குடிக்காமலே வந்துவிட்டேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. எனக்கும் குடிக்கத் தோன்றவில்லை.

எழுத்தில் ஒரு காரணம்

நான் செய்தது சின்ன வேலை. தொழிற்சாலையின் இன்றைய மனிதவள அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் காலத்தில் பெண்களின் அறிக்கையில் நான் எழுதிய வரி உண்மையல்ல, யாரையும் கேட்காமல் எழுதியது, அதை வைத்து இனி யாரையும் முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று வரியில் பதில் வந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி, அந்தக் காலத்து ஆவணங்கள் இப்போது இல்லை, நல்வாழ்த்துகள்.

என் பொய்யைக் கிழித்துப் போட்டு எத்தனையோ வருடமாகியிருக்கிறது. கோப்பில் இல்லாததை அந்த இரண்டு பெண்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

மகளிர் தினத்தில் என் பேச்சைக் கேட்ட பெண்களுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மருமகளிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம் மாமா. இப்ப யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க" என்றாள். நல்ல பெண். என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று சொல்கிறாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களில் ஒருத்தியாவது இந்த வார இதழைப் படிப்பவளாக இருந்தால், அன்று நான் சொன்ன பதிலை நீக்கிவிடட்டும்.

முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. நாகவேணி ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். அந்த ஆலையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண்.

தனலட்சுமி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. கம்பெனி தாளில் அச்சடித்த கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் படித்தேன். அவருடைய தகுதியையும் அனுபவத்தையும் நிர்வாகம் மதிக்கிறது. ஓய்வு பெற ஆறு மாதத்துக்கும் குறைவாகவே இருப்பதால் இந்தப் பதவிக்குப் பரிசீலிக்க இயலவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அவரை அழைக்கத் தைரியம் வந்தது. பின்னால் கம்பெனி பஸ்ஸின் சத்தம் கேட்டது.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"இதுல பொய் ஒண்ணும் இல்ல. கரெக்டாதான் எழுதியிருக்காங்க."

ஆறு மாதம்தான் இருக்கிறது என்பது உண்மை. அதற்கு முன்னால் இருந்த இருபது வருடத்துக்கு யார் கடிதம் எழுதுவது? அதைத்தான் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வெக்கிறேன் சார்" என்றார். "இன்னைக்கு நாகா சூப்பர்வைசரா முதல் ஷிப்ட்டு. லேட்டாப் போனா திட்டுவா."